அடித்தல் திருத்தல்

டொராண்டோவின் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்கு நான் போனது ஹாக்கிக்காக அல்ல. அந்தக் கட்டிடம் முன்பு ஒரு வங்கி என்று அக்கா சொன்னதால்தான். கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடுவது மட்டும்தான். நாம் ஹாக்கி என்று சொல்வதற்கு அங்கே அடைமொழி வேண்டும். ஸ்தாபனத்தின் பெயரைப் ‘புகழ் மண்டபம்’ என்று தமிழாக்கினால் கட்சி மாநாட்டுப் பந்தல் ஞாபகம் வருகிறது. ஆகவே அப்படியே விடுகிறேன்.

யங் தெருவும் ஃப்ரண்ட் தெருவும் கூடும் முனையில் பாங்க் ஆஃப் மாண்ட்ரியல் 1885-ல் கட்டியது. 1982 வரை வங்கி. 1993 முதல் மியூசியம். இப்போது பழைய வாசல் வழியாகப் போவதில்லை, அடுத்த வணிக வளாகத்தின் நிலவறையில் இறங்கித்தான் நுழைய வேண்டும். மட்டைகள், சட்டைகள், சறுக்குக் காலணிகள் எல்லாவற்றையும் வேகமாகக் கடந்தேன். கோல்கீப்பர்களின் முகமூடிகள் முன் சற்று நின்றேன். 1959-ல் ஷாக் பிளாண்ட் என்பவர் முகம் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லும்வரை அவர்கள் பெரும்பாலும் வெறும் முகத்தோடுதான் நின்றார்களாம். அக்கா மகன் திரையில் தெரியும் கோல்கீப்பரை நோக்கி ரப்பர் தட்டை அடிக்கும் இடத்திலேயே தங்கிவிட்டான். நான் மட்டும் மாடி ஏறினேன்.

மேலே வங்கிக் கூடம். மிக உயரத்தில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், விசிறிபோல் விரிந்த 24 பலகங்கள். கவுண்டர்கள் எங்கே இருந்திருக்கும், வரிசை எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று கண் தானாகவே அளந்தது. தொழில் புத்தி. இப்போது சுற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் முகங்கள். நடுவே ஸ்டான்லி கோப்பை.

கவர்னர் ஜெனரலாக இருந்த லார்ட் ஸ்டான்லி 1892-ல் கொடுத்தது ஒரு சிறிய வெள்ளிக் கிண்ணம். ஜெயித்தவர்களின் பெயரைப் பொறிக்க இடம் போதாமல் கீழே வளையம் வளையமாகச் சேர்ந்து இடுப்புயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஜெயித்த அணியின் ஆட்டக்காரர்கள் அதில் ஏறுகிறார்கள். அழகான பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு பேரேடு. பேரேடு என்றால் எனக்குப் படிக்காமல் இருக்க முடியாது.

தவறுகள் இருந்தன. 1972-ல் பாஸ்டன் என்ற பெயரில் இரண்டு ‘ஓ’வுக்கும் பதில் ‘க்யூ’. 1981-ல் ஐலண்டர்ஸில் ஓர் ‘எஸ்’ காணோம். 1996-ல் ஓர் ஆட்டக்காரரின் பெயர் பிழையாக விழுந்தபோது திருத்தினார்கள். அதற்கு முந்தியவை பல அப்படியே நிற்கின்றன. நான் தேடிப் போனது 1984. எட்மண்டன் அணியின் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன் அணியோடு சம்பந்தமில்லாத தன் தகப்பனாரின் பெயரையும் பொறிக்கச் செய்துவிட்டார். லீக் ஒப்பவில்லை. வெள்ளியைச் சுரண்டி எடுக்காமல் பெயரின்மேல் வரிசையாக 16 ‘எக்ஸ்’ அடித்தார்கள். அவை இன்றும் இருக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் பேரேடு போய்க் கணினி வந்துவிட்டது. ஆனாலும் முதல் வாரத்தில் ஹெட் கிளார்க் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: தப்பான எண்ணைச் சுரண்டாதே, மேலே எழுதாதே, ஒரு கோடு போடு, அடியில் இருப்பது தெரியட்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் இடு. அடித்தது யார் என்று நாளைக்கு வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று வருஷங்களுக்கு முன் நான் எழுதிய விமர்சனக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியில் பதினொரு கவிஞர்கள் இருந்தார்கள். அச்சில் பத்துப் பேர். நீக்கியதற்குக் காரணம் இலக்கியம் அல்ல. ஒரு கூட்டத்தில் அவர் என் விமர்சனத்தைக் கேலி செய்திருந்தார். எதிர்த்து ஒரு வரி எழுதியிருந்தால்கூட அது ஒரு கோடாக இருந்திருக்கும். நான் சுரண்டினேன். பத்தி இடைவெளி தெரியாமல் ஒட்டிக்கொண்டது. எவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த வருஷத்துக்குச் சந்தா அனுப்பியிருந்தார்.

கூடத்தை ஒட்டி வங்கியின் பழைய பெட்டக அறை. எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூம் திறக்க இரண்டு சாவி, இரண்டு பேர் வேண்டும். இங்கே கனத்த கதவு சும்மா திறந்து கிடக்கிறது. உள்ளே 1892-ன் கிண்ணமும், இடமில்லாமல் கழற்றப்பட்ட வளையங்களும். கோப்பையில் ஒரு வளையம் நிரம்பினால் மேலே உள்ள பழையதை எடுத்து இங்கே வைத்துவிடுகிறார்கள். 2018-ல் கழற்றியதில் மாரிஸ் ரிச்சர்ட், கார்டி ஹோவ் போன்ற மகா ஆட்டக்காரர்கள் போனார்கள். கோப்பையில் முதன்முதலாகப் பெயர் ஏறிய பெண், 1954-ல் டெட்ராய்ட் அணியின் தலைவராக இருந்த மார்கரீட் நாரிஸும் அதில்தான் போனார். நீக்கம்தான், ஆனால் நீக்கியது எங்கே இருக்கிறது என்று தெரிகிற நீக்கம்.

இந்தக் கட்டிடத்தில் ஆவி உண்டு என்று கதை சொல்கிறார்கள். 1953-ல் இங்கே வேலை பார்த்த இளம் காசாளர் ஒருத்தி இங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டாள். காதல் தோல்வி என்று ஒருவர், கணக்கில் பணம் குறைந்தது என்று இன்னொருவர். எல்லாம் பின்னால் கட்டியது. இரண்டாவதை நான் நம்பவில்லை. ஆனால் சாயங்காலம் கட்டு எண்ணும்போது தொகை உதைத்தால் வயிற்றில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை பெயர்களுக்கு நடுவே அவள் பெயர் என் கண்ணில் படவில்லை. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஆவிக் கதையும் அப்படி ஒன்றோ என்னவோ. ஏதாவது ஒரு தூணடியில் ஒரு தகடு இருக்கலாமோ என்று இன்னொரு முறை கூடத்தைச் சுற்றி வந்தேன்.

அக்கா மகன் வந்து நின்றான். அடித்து அடித்து உள்ளங்கை சிவந்திருந்தது.

“யார் பேரைத் தேடறீங்க மாமா?”

“ஒண்ணுமில்லடா. ஸ்பெல்லிங் பாத்துட்டிருந்தேன்.”

கீழே இறங்கி நிலவறைக் கடைகளின் வழியாக ரயிலுக்கு நடந்தோம். பாஸ்டனில் எத்தனை ‘க்யூ’ என்று கேட்டான். இரண்டு என்றேன்.