பட்டா சுத்தம், போர் தண்ணீர்?

ஜூஜூவாடியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்தால் இரண்டு விதமான பலகைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஒன்று ‘ஆட்கள் தேவை’, மற்றொன்று ‘சைட் விற்பனைக்கு’. பெங்களூரு வழக்கப்படி இங்கேயும் மனையை சைட் என்றுதான் சொல்கிறார்கள். முப்பதுக்கு நாற்பது என்றுதான் பேசுகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வீடு என்று கணக்குப் போடும் குடும்பங்கள் ஏராளம். என் சித்தி மகனும் அப்படித்தான். சிப்காட்டை ஒட்டிய தெரு ஒன்றில் பழைய வீடு ஒன்றைப் பேசி முடிக்கும் நிலையில் இருந்தான். “பட்டா, இ.சி. எல்லாம் வக்கீல் பார்த்துட்டாருண்ணா. நீங்க வந்து வீட்டை மட்டும் ஒரு பார்வை பாருங்க” என்று கூப்பிட்டான்.

வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கு வாசல், நல்ல காற்றோட்டம், சமையலறையில் புது டைல்ஸ். பின்பக்கம் போனபோதுதான் சுற்றுச்சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தது. உப்புப் பூத்த சுவர் வெள்ளையாக இருக்கும். இங்கே வெள்ளைக்கு நடுவில் இளமஞ்சள், ஓரிடத்தில் பச்சை. சுவருக்கு அந்தப் பக்கம் முள்செடி மண்டிய காலிமனை. அதன் மூலையில் கூரை போன ஒரு ஷெட். உள்ளே வரிசையாகத் தொட்டிகள் நின்ற சிமென்ட் மேடைகள் மட்டும் மிச்சம் இருந்தன.

“அது சும்மா கெடக்குற எடம் சார். பெங்களூரு பார்ட்டி வாங்கிப் போட்டிருக்காங்க” என்றார் புரோக்கர். எதிர்வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. “பிளேட்டிங் கம்பெனிங்க. போல்ட்டு நட்டுக்கெல்லாம் முலாம் போடுவாங்க. மழை பெஞ்சா தெருவுல தண்ணி மஞ்சளா ஓடும். மூடி ரொம்ப வருசமாச்சு.”

வக்கீல் பார்த்த முப்பது வருட வில்லங்கச் சான்றில் அந்த இடம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது வரி தவறாமல் இருக்கும். அங்கே என்ன வேலை நடந்தது என்பது எந்த வரியிலும் இருக்காது.

ஓசூர் தொழிற்பேட்டைக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1971-இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் ஆரம்ப காலத்திலேயே கைவைத்த ஊர்களில் இதுவும் ஒன்று. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவர்களுக்குப் போல்ட், ஸ்பிரிங், பிராக்கெட் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் முளைத்தன. அந்த உதிரிபாகங்களுக்கு முலாம் பூச, பெயின்ட் அடிக்க, வார்ப்பு ஊற்ற இன்னும் சிறியவை முளைத்தன. பெரிய ஆலையின் கோப்பு எங்கேயாவது இருக்கும். வாடகை ஷெட்டில் ஓடி, ஆர்டர் நின்றதும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன சின்னப் பட்டறைக்கு அக்கம்பக்கத்தார் ஞாபகம்தான் கோப்பு. என்னைக் கேட்டால், தொழிற்பேட்டையை ஒட்டி வீடு வாங்குகிறவர் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாம் வகையைத்தான்.

குரோம் முலாம் பூசுவதில் தொட்டியில் முக்கி எடுத்த பொருளை அலச வேண்டும். அந்த அலசல் நீரில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கலந்திருக்கும். தோலில் பட்டால் புண். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் உலகப் பட்டியலில் முதல் பிரிவில் இருக்கிறது. முறையாகச் சுத்திகரிக்காமல் மண்ணில் விட்டால், நீரில் எளிதாகக் கரைந்து கீழே இறங்கிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கக் கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. எந்த வெடிப்பு எந்த வீட்டு போருக்குப் போகிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு போர் நன்றாக இருப்பதால் நம்முடையதும் நன்றாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

வீட்டுக்காரர் ஆர்.ஓ. மெஷின் ஆளை வரவழைத்திருந்தார். அவர் டம்ளரில் டி.டி.எஸ். பேனாவை முக்கி, எண்ணைக் காட்டி, “பயமே இல்ல சார், ஓசூருக்கு இது ஓகேதான்” என்றார். அந்தப் பேனா அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை மட்டும். மொத்த உப்பை அதிலிருந்து கணக்கிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01. பல நூறு காட்டும் பேனாவில் இந்த 0.05 எந்த மூலைக்கு? ஆர்.ஓ. மெஷின் உலோகத்தைப் பெருமளவு பிரித்துவிடும் என்பது உண்மை. ஆனால் பிரித்ததை ஒரு குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் பக்கெட்டில் பிடித்துக் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறோம்.

மாதிரி எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து பிடிக்கக் கூடாது. மோட்டாரைப் போட்டு, குழாயில் நின்ற பழைய நீர் போகும்வரை ஓடவிட்டு, போரிலிருந்து நேரடியாகப் பிடிக்க வேண்டும். உலோக ஆய்வுக்கான பாட்டிலில் சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். கிருஷ்ணகிரியில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டி நீரைச் சோதிக்கலாம். கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவை வழக்கமான சோதனையில் வந்துவிடும். உலோகங்களைத் தனியாகக் கேட்க வேண்டும், அங்கே இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

ஃபுளோரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அது ஆலை தந்ததல்ல, பாறை தந்தது. 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை, நாள்பட எலும்பில் வலி. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013-இல் திறக்கப்பட்டது. ஆகவே வீடு பார்க்கும்போது ஒகேனக்கல் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா என்பதை மாடுலர் கிச்சனுக்கு முன்னால் கேளுங்கள்.

தம்பி பட்டியலில் இன்னொரு இடமும் இருந்தது. கெலவரப்பள்ளி அணைப் பக்கம், ஆற்றைப் பார்த்த மனை. போனோம். மதகு திறந்திருந்தது. தென்பெண்ணை வெள்ளை நுரையாகக் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, காற்றில் நுரைத்துண்டுகள் பறந்து வேலியில் ஒட்டின. நாற்றம் மூக்கை அடைத்தது. பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக ஆற்றில் சேர்ந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் வருகிறது. 2017-இல் தீப்பிடித்து எரிந்ததே, அதே பெல்லந்தூர். சலவைப் பவுடர் கலந்த நீர் மதகிலிருந்து விழும்போது நுரைக்கிறது. “நல்ல மழை பெஞ்சா சரியாயிடும் சார்” என்றார் அங்கே இருந்த புரோக்கர். தம்பி வண்டியைத் திருப்பிவிட்டான். கண்ணுக்குத் தெரியும் மாசுக்கு ஆலோசனை தேவைப்படுவதில்லை.

பழைய வீட்டுக்கே வருவோம். தண்ணீர் டெஸ்ட் என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறியது. ஓய்வு பெற்றவர், மரியாதையானவர். “இத்தனை வருசம் நாங்க பொழங்கலையாங்க?” என்றார். சற்று நேரம் கழித்து மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். “எடுத்துக்குங்க. ஆனா ரிப்போர்ட்டை எனக்குக் காட்டாதீங்க.”

அவர் சட்டம் படித்தவரில்லை. ஆனால் சட்டத்தின் ஓட்டையைச் சரியாகப் பிடித்திருந்தார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை இதுதான் விதி. தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்? தெரியாமலே இருப்பது விற்பவருக்கு லாபம். அதனால் சோதனையை வாங்குபவர்தான் செய்ய வேண்டும், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். அக்ரிமென்ட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ‘ஆய்வில் வரம்பு மீறினால் முன்பணம் திரும்பத் தரப்படும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்து இடத்தில் இருந்த தொழிலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை கொடுத்ததா, அது அதிக மாசு தரும் ‘சிவப்பு’ வகையா என்பதைச் சர்வே எண்ணோடு தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுக் கைகழுவுவது அமெரிக்காவிலும் நடந்தது. நயாகரா ஃபால்ஸ் ஊரில் ரசாயனக் கழிவைப் புதைத்த நிலத்தை 1953-இல் ஹுக்கர் கெமிக்கல் நிறுவனம் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. இனி எது நடந்தாலும் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே இருந்தது. பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். லவ் கெனால் என்ற அந்தப் பெயர் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். ஆலை மூடிப் பல்லாண்டு கழித்தும் மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். பிறகு ஆய்வு, பொறுப்பாளி யார் என்ற முடிவு, சீரமைப்பு. நல்ல தொடக்கம்தான். நாடு முழுவதும் அப்போது அடையாளம் கண்டிருந்தவை 103 இடங்கள், சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தவை ஏழு. ஓசூரில் கூரை போன ஷெட் ஒன்று அந்தப் பட்டியலுக்கு எப்போது போய்ச் சேரும்?

தம்பியின் ரிப்போர்ட் வந்தது. குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தது. அவன் அந்த வீட்டை விட்டுவிட்டான். ரிப்போர்ட்டின் நகலைப் பதிவுத் தபாலில் வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பினான். இனி அவர் யாருக்கு விற்றாலும் 55-ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும்.

பதிவுத்துறைக்கு ஒரு வேண்டுகோள். புதிய விதிகளின்படி மாசடைந்ததாக அறிவிக்கப்படும் ஒவ்வொரு இடத்தின் சர்வே எண்ணையும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சர்வே எண்களையும் வில்லங்கச் சான்றில் ஏற்றுங்கள். வங்கிக் கடனை ஏற்றுகிற அதே கணினியில் இதற்கும் ஒரு வரி ஒதுக்க முடியும்.