மலை மறைத்த ஓசை

பூனாகலையில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு விடியுமுன் முழங்கும். காற்று எதிர்த்து வீசினால் மலைக்கு மறுபுறத்து லயத்துக்கு அது கேட்காது. பிந்தியவர்களுக்குக் கங்காணியின் வசவு மட்டும் தவறாமல் கேட்கும்.

பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் பாதுகாப்புச் செய்திகளை எழுத அமர்ந்தபோது, கடற்படைகளின் இடரும் ஏறக்குறைய இதுவே என அறிந்தேன். கடலில் மலைக்குப் பதில் பூமியின் வளைவு. நேர்கோட்டில் செல்லும் வானொலி அலை அடிவானத்தோடு நின்றுவிடும். வானத்து அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலையோ இரவுக்கொரு விதம், பகலுக்கொரு விதம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், அசையாதது போல் நிற்கும் செய்மதிதான் இந்த மறைப்பைக் கடந்தது.

இந்தியக் கடற்படை நெடுங்காலம் இன்மார்சாட் என்னும் வெளிநாட்டுச் சேவையைச் சார்ந்திருந்தது. போர் மூண்டால் பிறர் கையிலுள்ள தொடர்பை எவ்வளவு நம்பலாம்? 2013 ஓகஸ்ட் 30இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-7, அதாவது ‘ருக்மிணி’, அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. மறு ஆண்டு வங்கக் கடலில் நடந்த பயிற்சியில் சுமார் 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் அது இணைத்தது. அதன் பணியை ஏற்பதற்கான சிஎம்எஸ்-03, 4,410 கிலோகிராம் எடையுடன், 2025 நவம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறியது.

அந்த மாத இறுதியில் டித்வா புயல் ஊவா மலைகளைக் குலைத்தது. இலங்கைக் கடற்படையின் 75ஆவது ஆண்டு நிகழ்வுக்காகக் கொழும்பு வந்திருந்த இந்தியாவின் விக்ராந்த் போர்க்கப்பல் நிவாரணப் பொருள்களை இறக்கியது. அதன் ஹெலிகொப்டர்கள் மீட்புக்குப் பறந்தன. நன்றியோடு குறிக்கவேண்டிய செய்திதான். எனக்கோ மீரியபெத்த நினைவே வந்தது.

எங்களுக்கு அண்மையில், கொஸ்லாந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்து லயங்களை 2014 ஒக்டோபர் 29 காலை மண் மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆக, தகவல் போகாமலில்லை. லயத்தை விட்டுப் போகச் சொன்னார்கள், போவதற்கு வீடில்லை. அழிவுக்குப் பின்னரே, தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் வீடுகள் எழுந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயங்கள் புதைந்தன.

மழை விடாத இரவுகளில் ஊரிலுள்ள மருமகனைக் கைபேசியில் அழைப்பேன். தொடர்பு உடனே கிடைத்துவிடும். லயத்தை விட்டு வெளியேறும்படி சொல்வேன்.

“எங்க மாமா போறது?” என்பான்.