செல்போன் சிணுங்காத ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே கிரீன் பேங்க் என்று ஒரு சிற்றூர். மேய்ச்சல் நிலம், மாடுகள்... அவற்றுக்குப் பின்னால் 100 மீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கும் தொலைநோக்கி அது.

அதற்காகவே இங்கே செல்போன் சிக்னல் கிடையாது. 1956-ல் மாநில அரசு சட்டம் போட்டது. 1958-ல் மத்திய அரசு சுமார் 13,000 சதுர மைல் பரப்பை 'ரேடியோ அமைதி மண்டலம்' ஆக்கியது. தொலைநோக்கிக்கு அருகே பெட்ரோல் கார் போகக்கூடாது. ஸ்பார்க் பிளக்கில் பறக்கும் பொறிகூட அதற்கு இரைச்சல்தான். டீசல் வண்டியில் பிளக் இல்லையே, அதனால் அதற்கு அனுமதி உண்டு. பண்ணையில் மின்வேலி பழுதாகிப் பொறி பறந்தாலும் சிக்கல்தான். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஆய்வகத்தின் வண்டி தேடி வரும்.

வளாகத்தில் இன்னொரு சின்னக் கிண்ணமும் இருக்கிறது. 1937-ல் இல்லினாய் மாநிலத்தில் குரோட் ரீபர் என்ற ரேடியோ இன்ஜினீயர், வீட்டுக் கொல்லையில் சொந்தக் காசில் கட்டியது. ஒருவர் தன் கொல்லையில் ஆசைக்குச் செய்து பார்த்த வேலை, இன்று ஊரார் கொல்லைக்கெல்லாம் விதி போடுகிறது!

இரவில் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால், உதவிக்கு அழைக்கப் பக்கத்து வீட்டுக் கம்பித் தொலைபேசியைத்தான் தேட வேண்டும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களின் வாக்கி-டாக்கியும் பல இடங்களில் எடுப்பதில்லை என்பது ஊர்க்காரர்களின் நெடுநாள் குறை. வைஃபை மட்டும் பல வீடுகளுக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது.