பாயிண்டும் மைக்ரானும்

விருத்தாசலத்திற்குப் பழமலைநாதர் கோயிலால் எத்துணைப் பெயருண்டோ, அத்துணைப் பெயர் பீங்கான் தொழிலாலும் உண்டு. என் அத்தையார் அவ்வூர்ப் பட்டறையொன்றிற் காய்ந்த பொம்மைகளின் விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்து வருபவர். தூசியைப்பற்றி யான் எச்சரிக்கும்போதெல்லாம், "முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறேனே, தம்பி! கண்ணுக்குத் தெரியாத தூசி என்ன செய்துவிடும்?" என்பார்.

கண்ணுக்குத் தெரியாததே கேடு செய்வது. பீங்கான் மண்ணிற் களியோடு படிகக்கல்லின் பொடியும் கலந்துளது. அதன் பெருந்துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஏறத்தாழ 5 மைக்ரானுக்குட்பட்டவையோ நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோயை மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு என்றேன். அத்தையார் தலையசைத்தார், விளங்கவில்லையென்பது முகத்திற் றெரிந்தது. அப்பொழுதுதான், இவ்விதழின் அச்சுப்படி திருத்தும் பணியால் எனக்குப் பழகிப்போன பாயிண்டு நினைவுக்கு வந்தது.

பாயிண்டென்பதும் ஒன்றன்று. கணினியில் அங்குலத்திற்கு 72 பாயிண்டு, அங்குலம் 25.4 மில்லிமீட்டராதலின், ஒரு பாயிண்டு 352.8 மைக்ரான், அதாவது ஏறத்தாழ 3,52,800 நானோமீட்டர். ஆங்கில, அமெரிக்க ஈய எழுத்துகளின் பாயிண்டோ 351.5 மைக்ரான்; பிரான்சின் டிடோ பாயிண்டு 376. ஆகவே கணக்கிடப் புகுவோர் எவருடைய பாயிண்டு என்று முதலில் வினவுதல் வேண்டும். நானோமீட்டர் எங்கும் ஒன்றே. மேலும், 12 பாயிண்டு எழுத்தென்றால் எழுத்தின் உயரமே 12 பாயிண்டு என்று கொள்ளலாகாது; அஃது எழுத்தைத் தாங்கும் உடலின் அளவு. எனவே எழுத்தை விடுத்து, ஒரு பாயிண்டு தடிப்புள்ள கோடொன்றை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். (மை சிறிது படர்ந்திருக்கும், தூசிக்கணக்குக்கு அதனாற் பெரும் பிழையில்லை.)

"இக்கோட்டின் குறுக்கே, அத்தை, அத்தகைய துகள் எழுபதை வரிசையாய் வைக்கலாம்" என்றேன்.

அவர் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பின்பு முந்தானையை விரித்து, "இந்த நூலிடை எத்தனை பாயிண்டு?" என்றார்.

அவ்வினாவை யான் எதிர்பார்க்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் அளந்தோம். பழந்துணியாதலால், இடைவெளி பாயிண்டில் மூன்றிலொரு பங்கு இருந்தது. இருபதுக்கு மேற்பட்ட துகள்கள் ஒருங்கே நுழையும் வாயில்!

இப்பொழுது அத்தையார் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிகிறார். உலர்ந்த தேய்ப்பை விட்டு ஈரப்பஞ்சாற் றுடைக்கிறார். வேலை தாமதமாகிறதென்று பட்டறைக்காரர் முணுமுணுக்கிறார். அக்கோடிட்ட காகிதம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. உடன் வேலைசெய்யும் பெண்கள் தத்தம் முந்தானையைக் கொணர்ந்து அதனருகே வைத்துப் பார்க்கின்றனராம்.