நடுக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டும்

வீடியோவில் கேமரா நடுங்க வேண்டுமென்றால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரே வரி போதும். பொசிஷனில் 'விகிள்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள்: 5, 20. வினாடிக்கு 5 முறை, ஏறத்தாழ 20 பிக்சல் தூரம். படம் ஆடும்போது ஓரத்தில் கறுப்பு எட்டிப்பார்க்கும். ஸ்கேலை 105 ஆக்கினால், 1080 உயரமுள்ள படத்தில் மேலேயும் கீழேயும் 27 பிக்சல் மிச்சம் கிடைக்கும், கறுப்பு மறைந்துவிடும். மோஷன் பிளரையும் போட்டால் ஓரளவு நம்பலாம்.

ஓரளவுதான். விகிள் காரணமே இல்லாமல் ஆடும். மனுஷக் கை அப்படி ஆடாது. நடந்துகொண்டே எடுத்தால் ஒவ்வொரு எட்டுக்கும் படம் இறங்கி ஏறும். மூச்சு அதை மெதுவாகத் தூக்கும். பக்கத்தில் இருப்பவர் இடித்தால் சட்டென்று விலகி, தயங்கித்தான் திரும்பி வரும்.

பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் வீதியுலாவை எடுக்கும் பசங்க கிம்பலில் எடுக்கிறார்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் என்னிடம் வந்து, "அண்ணே, கூட்டத்துக்குள்ள இருக்குற ஃபீல் வரல, கொஞ்சம் ஷேக் போடுங்க" என்பார்கள். சாமி தூக்குபவர்களின் தோளைப் பார்த்தால் புரியும். அத்தனை பேரின் எட்டும் சேர்ந்து விழும்போது வாகனம் ஒரு பக்கம் சாய்ந்து எழும். அந்த ஆட்டத்துக்குள் எடை இருக்கிறது. விகிளில் அது இல்லை.

அதனால் நான் ஆட்டத்தைக் கடன் வாங்குகிறேன். நிஜமாக நடுங்கிய ஒரு வீடியோவில் ஒரு புள்ளியை டிராக் செய்து, அந்த அசைவை வெற்று லேயர் ஒன்றில் இறக்கி, புதுப் படத்தை அதோடு கட்டிவிடுவேன்.

பெரும்பாலும் கடன் கொடுப்பது ஒரு 40 வினாடி வீடியோ. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறி. அம்மா போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்திருக்கிறார், அப்பா நெய்கிறார். ஊடை ஓடியதும் ஒரு தட்டு, படம் அதிர்கிறது. சுவரில் காலண்டர் மாட்டிய ஆணிதான் என் டிராக் பாயின்ட். அசையாத ஆணி ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளும். தட்டுகளின் இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. சரிகை வரும் இடத்தில் நிதானம், இழை அறுந்தால் நிசப்தம்.

தறியைப் பிரித்தாயிற்று. குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டோம்.

"வார்ப் ஸ்டெபிலைசர் போட்டு இதை நிறுத்திடலாமே" என்றான் தம்பி. நிறுத்தலாம். அப்பாவின் கை தெளிவாகத் தெரியும். அது தட்டிய வேகம் போய்விடும்.

இந்தக் கடன் வேலையை ஏமாற்று என்பவர்கள் உண்டு. கூட்டத்தில் இல்லாத கேமராவைக் கூட்டத்தில் இருந்ததாகக் காட்டுவது பொய்தான். ஆனாலும் அந்த ஆட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார், வேலை செய்துகொண்டிருந்தார் என்பது பொய்யில்லை.