வறட்டிப் புகையும் வறுத்த கடலையும்

எண்ணூரில் புகைக்குப் பஞ்சமில்லை. நிலக்கரி, டீசல், சாம்பல் குளத்திலிருந்து காற்றில் கிளம்பும் தூசு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் மூக்கு பழகிவிட்டது. ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கழிமுகப் பாலத்தைத் தாண்டி அத்திப்பட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது வந்தது வறட்டிப் புகை. வண்டியை ஓரங்கட்டினேன். பாட்டி வெந்நீர் அடுப்பு மூட்டும்போது எழும் வாசம் அது. டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் அதற்கு என்ன வேலை?

தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை இல்லை. உள்ளே நான்கு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம். வாசலில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாலைந்து வறட்டித் துண்டுகளைக் கொளுத்திவிட்டு அவை கனலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது மூட்டை அண்ணா. ஈரம் இருந்தா நாளைக்கு லிட்டி கெட்டுடும். அதான் பார்க்கிறேன்.”

பதினோரு வருஷமாக இங்கே இருப்பவர். தமிழ் நன்றாகவே வருகிறது. சொந்த ஊர் பீகாரில் சாப்ரா பக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்டவாளப் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்தது. “கங்கா காவேரி” என்றார், கனலிலிருந்து கண்ணை எடுக்காமல். சென்ட்ரலிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் சாப்ராவுக்குப் போகிற வண்டி. எண்ணூரிலும் நிற்காது, அத்திப்பட்டிலும் நிற்காது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் அவர் முதலில் தெற்கே சென்ட்ரலுக்குப் போய் அதில் ஏறி, திரும்ப இந்த வழியாகவே வந்து, தன் கடைப் பக்கத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

“நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வாங்க. செய்யறதையும் பார்க்கலாம், சாப்பிடவும் சாப்பிடலாம்” என்றார். போனேன்.

வட இந்தியச் சாப்பாடு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் ‘நான்’ ரொட்டி, தந்தூரி, பன்னீர் பட்டர் மசாலா என்பதைத்தான் அந்தப் பெயரில் சாப்பிட்டிருக்கிறேன். அது பெரும்பாலும் பஞ்சாபிகளின் சாப்பாடு. அதிலும் பிரிவினைக்குப் பிறகு பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தில்லி தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மகால் போன்ற கடைகள் வழியாக நாடெங்கும் பரவியது. லண்டனில் ‘இந்தியன்’ என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தி வளர்த்தவர்கள் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள். ஊரை விட்டு வந்தவர் அடுத்தவருக்காகச் சமைக்கும்போது சுவை அடுத்தவர் நாக்குக்கு இறங்கித்தான் ஆகும். இந்தத் தகரக் கொட்டகையில் அந்த இறக்கம் தேவைப்படவில்லை. சமைப்பவரும் சாப்பிடுபவர்களும் ஒரே பக்கத்து ஆட்கள். சாரம் கட்டுபவர்கள், கம்பி வளைப்பவர்கள், வெல்டர்கள், டிரெய்லர் ஓட்டுநர்கள். ஏமாற்ற முடியாத நாக்குகள்.

காலை ஐந்து மணிக்கு லிட்டிக்கான கோதுமை மாவு பிசைந்தாகிவிட்டது. ஓமம், உப்பு, கொஞ்சம் நெய் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணி மூடி வைத்திருந்தார். கூட இரண்டு பேர். ஒருவர் சாப்ராக்காரரின் மைத்துனர். இன்னொருவர் இருபது வயதுப் பையன். பகலில் கட்டுமான வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே. அண்டாவில் பூரணம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு அடிப்படை சத்து. அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது நம் வீட்டுச் சத்து மாவு என்றே நினைத்தேன். சொல் ஒன்றுபோல ஒலித்தாலும் பொருள் வேறு. அவர்களுடைய சத்து, வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. அதில் பொடியாக அரிந்த வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை, ஓமம், கருஞ்சீரகம், எலுமிச்சைச் சாறு, ஊறுகாயின் மசாலா, கடைசியில் பச்சையாகவே கடுகெண்ணெய். பிசைந்தவர் ஒரு பிடி எடுத்து இறுக்கிக் காட்டினார். உருண்டை நின்றது. விரலால் அழுத்தினார், பொலபொலவென்று உதிர்ந்தது. “நிக்கணும், உதிரவும் உதிரணும். ரெண்டும் வேணும்.”

மாவு உருண்டையைக் கட்டைவிரலால் குழித்து, ஓரத்தை மெலிதாக்கிக் கிண்ணமாக்குகிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கு அம்மா கொழுக்கட்டைச் சொப்பு செய்யும் அதே விரல்வேலை. பூரணம் வைத்து வாயைக் கூட்டி மூடி, மிச்ச மாவைக் கிள்ளி எறியாமல் உள்ளே அழுத்திவிட்டு, உள்ளங்கையில் உருட்டுகிறார்கள். மைத்துனரின் கைக்கு ஒரு லிட்டி பத்து வினாடிகூட ஆகவில்லை. நான் செய்தது அடுப்பில் வாய் பிளந்தது. பையன் அதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டான்.

வறட்டி தணலாகிச் சாம்பல் பூத்த பிறகுதான் லிட்டி இறங்கும். சுவாலை ஆகாது, மேலே கருகி உள்ளே பச்சையாகிவிடும். மேலும் கொஞ்சம் சாம்பலைத் தூவி, கையாலேயே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். கிடுக்கி எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே கீறல் விடும். அந்தக் கீறல்தான் பதம். எடுத்து ஒரு பழைய வேட்டித் துணியில் கொட்டி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார்கள். சாம்பல் பறந்தது. உருண்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பழுப்பாக வெளியே வந்தன.

கேஸ் அடுப்பில் செய்தால் வேலை மிச்சமாயிற்றே என்று கேட்டேன்.

“செஞ்சு பார்த்தேன் அண்ணா. சாப்பிட்டாங்க, காசு கொடுத்தாங்க. ஆனா யாரும் ரெண்டாவது தட்டு கேக்கல.”

வறட்டி திருவொற்றியூரில் மாடு வளர்க்கும் ஒரு பாட்டியிடமிருந்து வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் சத்து. வந்த புதிதில் மளிகைக் கடைப் பொட்டுக்கடலையை அரைத்துப் போட்டிருக்கிறார். அதில் தோல் இருக்காது; சுவையும் மெத்தென்று இனிப்புப் பக்கம் சாயும். ஒருவர் லிட்டியைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாராம். “அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை” என்றார். ஊரிலிருந்து ரயிலில் வரவழைத்த மாவில் மழைக்காலத்தில் வண்டு விழுந்தது. அவர் ஊரில் கடலையை மணலில் போட்டு வறுத்துக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு, பட்பூஞ்சா என்பார்கள். அப்படி ஓர் ஆள் இந்தப் பக்கத்தில் கிடைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போகும்போது இரும்புச் சட்டியில் மணல் புரளும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். நம் பொரிகடலைக்காரர். நிலக்கடலையும் பட்டாணியும் வறுத்துக்கொண்டிருந்தார். தோலோடு கொண்டைக்கடலையை இந்தப் பதத்துக்கு வறுத்துத் தர முடியுமா என்று சைகையும் அரைத் தமிழுமாகக் கேட்டு, மூன்று வாரம் வறுத்துப் பார்த்து, நாலாவது வாரம் பதம் பிடித்தது. இன்றைக்கும் அவரிடம்தான் வறுவல். அரைப்பது எண்ணூர் மாவு மில்லில்.

வெயில் காலத்தில் இதே மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் போட்டுச் சைட்டுக்கு வாளியில் அனுப்புகிறார். குடித்துப் பார்த்தேன். தள்ளுவண்டிக் கேழ்வரகுக் கூழும் கடித்துக்கொள்ள வெங்காயமும் நினைவுக்கு வந்தன. பாடுபடுகிற உடம்பு இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் பசியாறியிருக்கிறது. சோற்றிலும் அப்படித்தான். அவர்கள் உஸ்னா என்பது நம் புழுங்கல் அரிசி. மாட் என்பது நம் வடிகஞ்சி.

லிட்டிக்குத் துணை சோக்கா. உள்ளங்கையை மீறும் குண்டுக் கத்திரிக்காயைக் கீறி, உள்ளே பூண்டுப் பல் செருகி, தணலில் புதைத்துச் சுட்டு, தக்காளியையும் அப்படியே சுட்டு, கரிந்த தோலை உரித்து, வெந்த உருளைக்கிழங்கோடு கையால் மசிக்கிறார்கள். மேலே பச்சை வெங்காயம், மிளகாய், கடுகெண்ணெய். அந்த எண்ணெயின் காரம் முதலில் மூக்கில் ஏறும். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது, ஐந்தாவது வாயில் அது இல்லாவிட்டால் சோக்காவே இல்லை என்று புரிந்தது.

இந்தச் சோக்கா கடலும் கடந்திருக்கிறது. 1845 மே 30 அன்று கல்கத்தாவிலிருந்து வந்த ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் டிரினிடாடில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. பிறகு கப்பல் கப்பலாகப் போனவர்களில் பெரும்பகுதி போஜ்புரி பேசும் மாவட்டங்களின் ஆட்கள். இன்றைக்கு அங்கே அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போஜ்புரி போய்விட்டது. காலையில் ரொட்டியோடு சுட்ட கத்திரிக்காய், சுட்ட தக்காளி மட்டும் அதே சோக்கா என்ற பெயரில் மிஞ்சியிருக்கிறது. வடசென்னைக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. 1960களில் பர்மாவை விட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த அத்தோவைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நின்றுகொண்டு சாப்பிடுகிறோமே.

ஆறரை மணிக்குப் பெஞ்சுகள் நிரம்பின. லிட்டியை இரண்டாகப் பிட்டு, கரண்டியால் நெய்யை உள்ளே விடுகிறார் மைத்துனர். மொத்தமாக நெய்யில் முக்கி எடுக்கும் ஊர் வழக்கம் இந்த விலைக்குக் கட்டாது. பேச்சே இல்லை. மேலோடு நொறுங்கும் சத்தம், பிறகு வெங்காயம் கடிக்கும் சத்தம். எதிரே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் குஜராத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றி வந்தவர், வீட்டைப் பார்த்து நாலு மாதம் ஆகிறதாம். முதல் லிட்டியை முடித்தபின் இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த சாம்பலை ஊதாமல் அப்படியே தின்றார்.

எல்லாரும் லிட்டி சாப்பிடவில்லை. மூலைப் பெஞ்சில் அசாம்காரர்கள் மூன்று பேர் சோறும் மீன் குழம்பும் வாங்கிக்கொண்டார்கள். ஒடிசாக்காரர் ஒருவர் முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தார். அவர் ஊரில் அது பகாலா, நமக்குப் பழையது. இத்தனை பேரையும் ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

2023 மார்ச் மாதம் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. ஊரிலிருந்து அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை போன் செய்து அழுததில் சாப்ராக்காரர் நாலு நாள் கடையைப் பூட்டிவிட்டார். ஐந்தாம் நாள் பொரிகடலைக்காரர் வறுத்த மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கி, “கடலை பதம் போயிடும், கடையைத் திற” என்றாராம்.

அதற்குப் பிறகு கடை பூட்டியது 2025 செப்டம்பர் கடைசியில். 30ஆம் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் செத்தார்கள். பிழைக்க வந்தவர்கள், பெரும்பாலும் அசாம்காரர்கள். மூலைப் பெஞ்சைக் காட்டினார், மேற்கொண்டு பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தணல் போடவில்லை என்று பையன்தான் பிறகு சொன்னான். 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. துறைமுகம் 2001இல் வந்தது. புதிய கொதிகலன்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதற்காக அந்த உயரத்தில் ஏறி நிற்பவர்களின் பெயர், ஊர், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது. அது சின்னக் குறையில்லை.

கிளம்பும்போது காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக நாலு லிட்டியைத் தையல் இலையில் மடித்து, “தேரடி வழியாத்தானே போறீங்க? தாத்தாகிட்ட கொடுத்துடுங்க. இத்தனை வருஷமா கடலை தர்றார், கடைக்கும் வந்திருக்கார். ஆனா ஒரு நாள்கூட லிட்டி சாப்பிட்டதில்ல. எப்போ வந்தாலும் அவசரம்” என்றார்.

பொரிகடலைக்காரர் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலோட்டைத் தொடவில்லை. லிட்டியைப் பிட்டு, பூரணத்தை மட்டும் இரண்டு விரலால் எடுத்து முகர்ந்தார். நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“கடலை ஒரு பதம் கூடிப்போச்சு. மணலு பழசு, ஒரே சீரா சூடு பிடிக்கல. அடுத்த வாரம் புது மணல்ல வறுத்துத் தரேன்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட உட்கார்ந்தார்.