ஃபைட்டர் தொட்டிக்குச் செடி: மட்டாஞ்சேரிக் குறிப்புகள்

கொளத்தூரானாலும் கொச்சியானாலும் கடையில் ஃபைட்டர் மீன் பிளாஸ்டிக் டம்ளரில்தான் நிற்கும். மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், அதனால் சாகாமல் தாங்குகிறது. அதையே காட்டி, ‘இதுக்கு இடமே வேண்டாம்’ என்று விற்றுவிடுகிறார்கள். தாய்லாந்தில் அதன் பிறந்த வீடு வயலும் சதுப்பும். பாசி மண்டிய, ஆழமில்லாத, ஓடாத நீர். அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செடிகளைக் கடையிலேயே தள்ளிவிடலாம்.

*

முதலில் அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்கச் செடி, வெளிச்சம் கம்மியானாலும் கோபிக்காது. இலை தடித்து அகலமாக இருக்கும். ராத்திரியில் ஃபைட்டர் அதன்மேல் ஒருக்களித்துப் படுத்துவிடும். செத்துவிட்டதோ என்று விளக்கைப் போட்டால் செவுள் மெல்ல அசையும். நீர்மட்டத்துக்கு நாலு விரல் கீழே ஓர் இலை வருமாறு வைத்தால் மூச்சுக்கு எழுந்து போகிற தூரம் மிச்சம்.

கிழங்கை மட்டும் மணலில் புதைக்கக் கூடாது. அழுகி, இலைகள் காம்போடு கழன்று வரும். கல்லிலோ கட்டையிலோ பருத்தி நூலால் கட்டினால் போதும், நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்னுக்கும் இதே சட்டம்.

*

பிளாஸ்டிக் செடிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு: பழைய பட்டுத்துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் வாலும் கிழியும்.

*

மிதக்கும் செடியில் என் ஓட்டு ஆகாயத்தாமரைக்கு. ஊதாப் பூ பூக்கிற வெங்காயத்தாமரையைச் சொல்லவில்லை. வெல்வெட் இலை அடுக்கி ரோஜாப்பூ மாதிரி மிதப்பது, இங்கே மலையாளத்தில் முட்டப்பாயல். கொச்சி டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ (1678–1693, 12 பாகங்கள்) நூலின் பதினோராம் பாகத்தில் இது படத்தோடு இருக்கிறது. இட்டி அச்சுதன் வைத்தியரும் கொங்கணி வைத்தியர்கள் மூவரும் துணை நின்ற நூல்.

தொங்கும் வேருக்கு நடுவே ஆண் மீன் நுரைக்கூடு கட்டும். ஆனால் இந்தச் செடி விட்டால் தொட்டி முழுக்க மூடிவிடும். மீனுக்கு மூச்சுவிட வாசல் வேண்டாமா? ஏர் பம்ப் குழாயை வளையமாக்கி மிதக்கவிட்டால் உள்ளே செடி வராது. வாரம் ஒருமுறை கைநிறைய அள்ளிப் போட்டாலும் குறையாது.

*

கிரிப்டோகோரைன். கடைகளில் அதிகம் பார்க்கிற வென்ட்டீ இலங்கைச் செடி. அதே இனத்து ஸ்பைராலிஸ் நம் பக்கத்து நீர்க்கரைகளில் வளர்வது. அதன் கிழங்குதான் நாட்டு மருந்தில் நாட்டு அதிவிடயம். தொட்டி மாற்றினால் இலையெல்லாம் கூழாகக் கரையும். பிடுங்கிவிடாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும்.

சிவப்பு ரோட்டலா மக்ராண்ட்ரா மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிதான். ஆனாலும் தொட்டிக்குள் வந்ததும் பலத்த விளக்கு கேட்கும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கேட்கும். ஒற்றை ஃபைட்டருக்கு அது வெட்டிச் செலவு.

*

2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் நீரே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து, கொரோனா நேரத்திலும் கூட்டம் கூடியதே, அது கபோம்பா. தென்னமெரிக்கச் செடி, மீன்தொட்டி வியாபாரம் கொண்டுவந்த வினை. மட்டாஞ்சேரி வாய்க்காலில் உப்பு ஏறுவதால் இங்கே பிழைக்காது என்று சமாதானம் சொல்லலாம். மழைக்காலத்தில் உப்பு இறங்கிவிடுமே! கத்தரித்த செடியை வாய்க்காலில் வீசாமல் வெயிலில் காயவைத்துத் தென்னைக்குப் போடுவதுதான் சரி.

*

வாய்க்காலிலிருந்து அள்ளிவந்த செடியைத் தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் தும்பியின் குஞ்சுப்புழு இருந்தால் சின்ன மீனையே பிடித்துத் தின்னும். நத்தை முட்டைக்குப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து அலசலாம்.

*

ஃபைட்டரின் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் வாய்க்கால்களிலேயே உண்டு: சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விவரித்தது. அதுவும் காற்றுக் குடிக்கும், இலையடியில் நுரைக்கூடு கட்டும். நிறம் கம்மி.

“அதை ஆரு வாங்கும் சேட்டா?” என்றார் கடைக்காரர்.

நான் வாங்குவேன். மேலே சொன்ன செடிகள் அதற்கும் பொருந்தும். தொட்டிக்கு மூடி அவசியம், இந்தச் சொந்தக்காரர்கள் எல்லோருமே தாவுகிறவர்கள்.